முன்வரிசையில் மூன்று கதிரை

"முன்வரிசையில மூணு கதிரை போடச் சொன்னேனே, நானா! நீங்க மட்டும் தனிய வந்து நிக்கிறீங்க?"

அகீலா செலோவைத் தோளில் சாய்த்துக்கொண்டு கேட்டாள். விடியலில் விமானம் இறங்கி, இசைக்குழுவின் மற்ற மூவரோடும் வேனில் நேரே கண்டிக்கு, தான் படித்த பள்ளிக்கூடத்துக்கே வந்திருந்தாள். உள்ளூர் சிம் கூட இன்னும் வாங்கவில்லை. மூன்று கதிரையும் வாப்பாவுக்கு, உம்மாவுக்கு, பள்ளித் தோழி றம்ஸியாவுக்கு.

அவளுடைய அண்ணன் பஹ்மி நானா மேடைத் திரையைப் பார்த்தபடி பேசினார். "றம்ஸியாவுக்கு வர ஏலா. மாப்பிள்ளை மவுத்தாகி இத்தாவில இருக்கா தானே. புருசனை இழந்தவ நாலு மாசத்துக்கு வாசல் தாண்டப்படாது."

"பாவம், தெரியும். வாப்பா எங்க?"

"வரல்ல."

பிலிமத்தலாவையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த வாப்பாவுக்கு இசை என்றாலே ஆகாது. அவள் லண்டனுக்குப் படிக்கப் புறப்பட்ட அன்று, "உன்ட வாசிப்பு என்ட காதில விழப்படாது" என்று சொன்ன மனுசன். அவர் எட்டடி பாய்ந்தால் மகள் பதினாறடி. அதன் பிறகு அவள் வீட்டில் செலோப் பெட்டியைத் திறந்ததே இல்லை.

போன கிழமைதான் கல் கரைந்தது. "ஒருக்கா வந்து கேட்டுப் பாக்கிறேன் மகள்" என்று தொலைபேசியில் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் இவ்வளவு தூரம் வந்தாள்.

"என்னதான் சொன்னார்?"

"முழுசா வாசிச்சு முடிக்கட்டும், ஒண்டுக்கும் நிப்பாட்ட வாணாம் எண்டார்."

"கேக்க வர மாட்டாராம், கட்டளை மட்டும் போடுவாராம்! உம்மாவையும் விடல்லையாக்கும்."

நானா போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

முதல் பகுதியைக் கோபத்தோடுதான் வாசித்தாள். மெதுவான பகுதி வந்ததும் கோபம் எங்கோ போய்விட்டது. நானாவுக்குப் பக்கத்துக் கதிரைகள் வெறுமையாக இருப்பது மட்டும் தெரிந்தது. அவற்றைப் பார்த்தபடியே வாசித்து முடித்தாள். பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள், நானா கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்ததும் அவளுக்கும் மனம் இளகியது. பெட்டியை மூடியவள் நானாவின் கையைப் பிடித்தாள்.

"அவர் வராட்டி என்ன? நான் வீட்டுக்குப் போறேன். அவர்ட கட்டில் பக்கத்தில இருந்தே வாசிக்கிறேன், காதைப் பொத்தட்டும் பாப்போம்."

நானா கைக்குட்டையை மறுபடியும் எடுத்தார்.

"பயப்படாதீங்க நானா. உம்மாவுக்குக் கோல் எடுத்து ரோட்டடிக்கு வந்து நிக்கச் சொல்லுங்க. உம்மா கூட இருந்தா அவர் ஏசமாட்டார்."

நானா அவள் கையிலிருந்த பெட்டியை மெல்ல வாங்கிக் கீழே வைத்தார்.

"உம்மா நேத்திலேருந்து இத்தாவில இருக்கா, தங்கச்சி."