வளைத்துப் போட்ட கம்பம்

"என் எடத்துல எவன் கால வச்சாலும் ஒடச்சிடுவேன்!"

கொருக்குப்பேட்டையில் தன் வீட்டு முற்றத்து இரும்பு மின் கம்பத்தைச் சுற்றி வளைத்துத் தகரக் கொட்டகை போட்டிருந்தான் லோகநாதன். கம்பத்தைச் சோதிக்க வந்த மின்வாரிய ஊழியன் நிலவனை வாசலிலேயே மறித்தான்.

"அடியில துருப்புடிச்சிகீது நைனா. பாத்துட்டுப் போயிடறேன்" என்று நிலவன் அவனைத் தாண்டி உள்ளே போனான்.

ஐந்தே நிமிடத்தில் அலறல் கேட்டது. எதிர்வீட்டு ரமாபாய் ஓடிவந்தபோது, லோகநாதன் சவுக்குக் கட்டையை ஓங்கி நிலவனின் கையில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. நிலவன் சுருண்டு விழுந்தான்.

"ஐயோ, கொல்றான்!"

தெருவே திரண்டு வந்தது. லோகநாதன் கட்டையைச் சுழற்றினான்.

"எவனும் உள்ள வராத! தொட்டா செத்த!"

"யாராண்ட உதார் வுடற?"

பக்கத்து வீட்டு எழிலன் விட்ட குத்தில் அவன் வாய் கிழிந்தது. கட்டையைப் பிடுங்கி அவனையே அடித்தார்கள். கீழே தள்ளி மிதித்தார்கள். பேச வாய் திறந்தபோதெல்லாம் ரத்தம்தான் வந்தது.

ரமாபாய் தண்ணீர் தெளித்ததும் நிலவன் கண் விழித்தான்.

"அவர வுடுங்க... கம்பத்துல கரண்டு பாயுது. என் கை ஒட்டிக்கிச்சு. அவரு அடிக்கலன்னா நான் செத்திருப்பேன்."

மிதித்த கால்கள் நின்றன. எழிலன் திகைத்துப்போய்ப் பின்னால் நகர்ந்தான். அவன் முதுகுக்கும் கம்பத்துக்கும் அரை அடிதான் இருந்தது.

லோகநாதன் தவழ்ந்து போய் அவன் காலைப் பிடித்து முன்னால் இழுத்தான்.