பிரேக்கைக் கடித்த எலி

"பிரேக்கை எலி கடிச்சிருச்சுக்கா," என்று கூசாமல் சொன்னான் தம்பி.

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "வயரைக் கடிக்கும், கேள்விப்பட்டிருக்கேன். பிரேக்கைக் கூடவாடா கடிக்கும்?"

"இப்ப வர்ற எலிக்கெல்லாம் பல்லு அப்படி."

"என்னமோப்பா. வண்டியைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நீயே பார்த்து மாத்திடு." சாவியைத் தூக்கிப் போட்டாள். தம்பிக்கு உள்ளுக்குள் விசில் பறந்தது.

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே இருக்கும் ரேஸ் டிராக்கில் மாதம் ஒரு சனிக்கிழமை, யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஆசை தீர விரட்டலாம். இந்தச் சனியை விட்டால், புதுசாகத் தார் போட எட்டு மாதம் மூடிவிடுவார்கள். ஆசை தம்பியுடையது, கார் மட்டும் அக்காவுடையது.

கேட்டால் தரமாட்டாள். டிராக்கில் இடித்துக்கொண்டால் இன்சூரன்ஸ்காரன் சல்லிக்காசு தரமாட்டான் என்பது அவனுக்கே தெரியும். அதனால் கேட்காமலே மத்தியான ரவுண்டுக்குப் பணம் கட்டிவிட்டான். கட்டியது கட்டியதுதான், திரும்ப வராது.

சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக் புருவத்தை உயர்த்தினார். "தம்பி, பிரேக் பேடு காகிதம் மாதிரி தேஞ்சிருக்கு. டயர் ஓரமும் போச்சு. யாரு ஓட்டுற வண்டி இது?"

"எங்கக்காண்ணே. மருந்துக் கடைக்கும் வீட்டுக்கும் நாப்பதுல உருட்டிட்டுப் போவா. சரியான பயந்தாங்கொள்ளி, பிரேக்ல வச்ச காலை எடுக்கவே மாட்டா."

மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, நமக்கென்ன என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

சூடு தாங்குகிற பேடு, சீக்கிரம் கொதித்துவிடாத பிரேக் ஆயில், இன்ஜினுக்குத் தனி ஆயில். போதாததற்கு முன்பக்கம் இரண்டு டயர். புது போன் வாங்க ஒரு வருடமாகச் சேர்த்த காசெல்லாம் கண்ணெதிரே ரப்பராக உருண்டு போயிற்று. ஹெல்மெட் மட்டும் நண்பனிடம் இரவல். வியர்வை நாற்றம் இலவசம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரிலிருந்த குடை, மிதியடி, ஸ்டெப்னி என்று எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டிருந்தான். டிராக்கில் வண்டிக்குள் எதுவும் உருளக் கூடாது.

"என்னடா, வண்டியைக் காலி பண்றே?" என்று வந்து நின்றாள் அக்கா.

"சுத்தம் பண்றேன்கா."

"தங்கமான தம்பிடா நீ! நாளைக்கு எனக்கு வண்டி வேணாம். கடையில ஸ்டாக் எடுக்கிறாங்க, கூட வேலை பார்க்கிறவ வந்து கூட்டிட்டுப் போயிடுவா."

எப்படி வண்டியைக் கிளப்புவது என்று ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவனுக்கு, கும்பிட்டு ஒரு குட்டிக்கரணம் போடலாம் போலிருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு, ஹெல்மெட்டைத் தலையணை உறைக்குள் திணித்துக்கொண்டு கீழே இறங்கினான். கார் நிற்கிற இடத்தில் கார் இல்லை. மேலே ஓடினான். ஆணியில் சாவியும் இல்லை.

திருட்டேதான்! உடனே அக்காவுக்கு போன் போட்டான். "அக்கா, வண்டியைக் காணோம்க்கா!"

"என்கிட்டதான்டா இருக்கு. எதுக்கு இப்படிப் பதறுறே?"

அவள் குரலுக்குப் பின்னால் காதைக் கிழிக்கிற இரைச்சல்.

"ஸ்டாக் எடுக்கிற இடத்துல என்னக்கா இவ்வளவு சத்தம்?"

மூச்சு வாங்கச் சிரித்தாள் அக்கா. "மத்தியான லிஸ்ட்ல உன் பேரைப் போன வாரமே பார்த்துட்டேன், பஸ் பிடிச்சு வந்து சேரு. புது பேடு பிரமாதம்டா தம்பி, போன மாசத்தை விட சுத்துக்கு மூணு செகண்ட் கம்மி!"