பொப் பாட்டுக்கு ஒரு நடை

கூடையைக் கைப்பை மாதிரி தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள் கொழும்புக்காரி.

எனக்கு அப்பவே வயிறு எரிந்தது.

கூடைக் கயிறு தலையில் கிடக்க வேண்டும். இடுப்பில் படங்குச் சாக்கு கட்ட வேண்டும், இல்லாவிட்டால் தேயிலைச் செடி காலைப் பதம் பார்த்துவிடும். இவள் முழங்கால் தெரிய மஞ்சள் பாவாடை கட்டி, உதட்டில் சாயம் பூசியிருந்தாள். இதுதான் கொழுந்துக்காரியாம்!

எண்பத்து நாலாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. டீவியில் போட ஒரு பொப் பாட்டைப் படம் பிடிக்க நோர்வூட் பக்கத்து எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தார்கள். பாட்டு டேப்பில் ஓடியது. பாடகன் கறுப்புக் கண்ணாடி போட்டு, பாறைமேல் கிட்டாரோடு நின்றான். அவனுக்கு வேலை அவ்வளவுதான். ஓடுவதும் திரும்பிப் பார்ப்பதும் வெட்கப்படுவதும் அவள் பாடு. பின்வரிசைக்கு எங்கள் லயத்து வீட்டுப் பெண்கள் பத்துப் பேர்.

கொழுந்து மலையில் யார் ஓடுவார்கள்? ஓடினால் பல்லுப் பெயரும்.

அதுகூடப் பரவாயில்லை. அவளுக்கு வெட்கமே வரவில்லை. நாலு தடவை எடுத்தார்கள், நாலு தடவையும் இளித்தாள்.

நான் ரோட்டுக் கரையில் நின்று பொருமினேன். எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் பன்னிரண்டு வருஷமாக ரதி நான்தான். மன்மதனைப் பார்த்து நான் தலைகுனிந்தால் கிழவிகள் நெட்டி முறிப்பார்கள். அவன் எரிந்துபோய் நான் ஒப்பாரி எடுத்தால் நாலு லயமும் சேர்ந்து அழும். எனக்கு டேப் வேண்டாம், சொந்தத் தொண்டை இருக்கிறது. நான் நிற்க வேண்டிய இடத்தில் எவளோ ஒருத்தி நிற்கிறாள்.

வரிசையில் நின்ற வீரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேசாமல் இருக்கும்படி கண்ணைக் காட்டினாள்.

கங்காணி செல்லசாமிதான் டைரக்டரிடம் போய் என்னைப் பற்றிச் சொன்னார். கூப்பிட்டார்கள். வீரம்மாவின் கூடையை வாங்கிக் கயிற்றைத் தலையில் போட்டேன். நாலு எட்டு நடந்தேன். பாறைப் பக்கம் அரைக்கண்ணால் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு கொழுந்தைக் கிள்ளினேன்.

பாடகன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான்.

"பாத்தியா? பொம்பளைன்னா இப்படி நடக்கணும்," என்றார் டைரக்டர் அவளிடம்.

அவள் கெட்டிக்காரி. இரண்டே தடவையில் என் நடையை அப்படியே எடுத்துக்கொண்டாள். பார்க்கப் பார்க்க எனக்கு ஆறவில்லை. பன்னிரண்டு வருஷத்து நடை, பத்து நிமிஷத்தில் அவளுடையதாகிவிட்டது.

கூடையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பின்வரிசையின் முனையில் போய் நின்றுகொண்டேன். முன்னால் இல்லாவிட்டால் போகிறது, ஒரு ஓரத்திலாவது டீவியில் தெரியலாமே என்றொரு நப்பாசை.

டைரக்டர் கேமராவில் கண்ணை வைத்தார். பிறகு தலையைத் தூக்கி, மரியாதையாகத்தான் சொன்னார்.

"அண்ணே, வரிசையில ஆம்பளை நிக்கக் கூடாது. கூடையைக் குடுத்துட்டுத் தள்ளிப் போங்க."

பெண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் இடுப்புச் சாரத்தைச் சரிசெய்துகொண்டு, கூடையைக் கழற்றி என் பொஞ்சாதியிடம் நீட்டினேன். வீரம்மா அதை வாங்கி மாட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள்.

பதினாறு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள். அந்த நிமிஷம் அவளைக் கண்டாலே எனக்குப் பிடிக்கவில்லை.