எட்டாவது வங்கி

“இருநூறு பவுண்ட், பெவ்! சும்மா கணக்கை மாத்தினா இருநூறு பவுண்ட் தர்றான்!”

நைஜல் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக்கூடக் கீழே வைக்காமல், கைப்பேசியை மனைவியின் மூக்குக்கு முன்னால் நீட்டினான்.

பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு மசித்த உருளைக்கிழங்கு பரிமாறிவிட்டு அப்போதுதான் வந்திருந்த பெவர்லி, ஷூவைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்தாள்.

“இது எத்தனாவது பேங்க்?”

“எட்டாவது. பத்து ஆகாம நான் ஓய மாட்டேன்.”

நைஜலுக்கு வேறு கெட்ட பழக்கம் கிடையாது. குதிரைப் பந்தயம் இல்லை, அளவுக்கு மீறின குடி இல்லை. புது வாடிக்கையாளருக்கு வங்கிகள் கொடுக்கிற போனஸைக் கறப்பதுதான் அவனுக்கு உலகம். அவன் பெயரில் கறக்க வேண்டியதையெல்லாம் கறந்து முடித்து, டான்காஸ்டர் ஊரில் இனி எந்த வங்கியும் அவனுக்குப் பத்துப் பென்னிகூடத் தராது என்று ஆனபிறகு, பெவர்லியின் பெயரைப் பிடித்துக்கொண்டான். அவள் கணக்கின் பாஸ்வேர்டு, ரகசிய எண் எல்லாம் அவன் கைப்பேசியில்தான். போனஸ் பணம் குடும்பத்துக்கு என்பான். குடும்பத்துக்கு இதுவரை இரண்டு தூண்டில்களும் காற்றடைத்து ஊதுகிற ரப்பர் படகு ஒன்றும் வந்திருந்தன.

தினமும் சாயங்காலம் அவள் கணக்கை ஒரு தடவை அலசுவதும் உண்டு. அன்றும் அலசினான்.

“செவ்வாய்க்கிழமை மூணு பவுண்ட் நாப்பது. என்னது இது?”

“காபி.”

“வீட்லதான் காபி இருக்கே, கண்ணு!”

வழக்கமாக இந்த வங்கிப் பேச்சை எடுத்தாலே கொட்டாவி விடுகிற பெவர்லி, அன்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“சரி, விவரமா சொல்லு. பழைய கணக்கு என்னாகும்?”

“ஏழே வேலை நாள். பேங்க்காரனே மூடிடுவான்.”

“என் சம்பளம்?”

“தானா புதுசுக்கு வந்துடும். பள்ளிக்கூடத்துல யார்கிட்டயும் வாயே திறக்க வேணாம்.”

“பழைய பாஸ்வேர்டு?”

“அது அப்புறம் எதுக்கு? செல்லாக்காசு.”

“இருநூறு சும்மா தர மாட்டானே. என்ன நிபந்தனை?”

பாடம் கேட்கிற மாணவி மாதிரி அவள் இப்படிக் கேள்வி கேட்டதில் நைஜலுக்குத் தலைகால் புரியவில்லை.

“ரெண்டு பில் அந்தக் கணக்குலேர்ந்து தானா கழியணும். ஒண்ணு குறைஞ்சாலும் போனஸ் கிடையாது. யோசிச்சு வெச்சிருக்கேன். நம்ம தண்ணி பில் ஒண்ணு, என் மீன்பிடி கிளப் சந்தா ஒண்ணு.”

“உன் கிளப் சந்தா என் கணக்குலேர்ந்தா?”

“எப்பவும் அப்படித்தானே?”

“ஆமா,” என்றாள் பெவர்லி. “எப்பவும் அப்படித்தான்.”

புது வங்கிக்கு வாடிக்கையாளரின் முகத்தைக் கேமராவில் காட்ட வேண்டியிருந்தது. “என் போன்லயே பண்றேன், நீ வழி மட்டும் சொல்லு,” என்றாள். நைஜல் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்து வழி சொன்னான். அவள் ஒற்றை விரலால், ஒரு எழுத்துப் பிசகாமல் தட்டினாள்.

“பாஸ்வேர்டை எனக்கு அனுப்பிடு.”

“முதல்ல போனஸ் வரட்டும்.”

“அடி ஆசைக்காரி!” என்று சிரித்தான் நைஜல். இத்தனை வருஷத்தில் தன் வித்தை அவளுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டதில் அவனுக்குப் பெருமை.

அடுத்த வாரம் முழுக்க பெவர்லி வேறு ஆளாக இருந்தாள். அலமாரிகளைக் காலி செய்தாள். “வீடு பூரா அடைசல். பழைய சாமான் வாங்கிக்கிற தர்மக் கடையில போட்டுடறேன்,” என்று தினம் காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு போனாள். “இன்னிக்கு எத்தனாவது நாள்?” என்று அவளே கேட்டாள். கல்யாணமாகி இருபத்தி ரெண்டு வருஷத்தில் அவன் சொன்ன ஒரு காரியத்தில் அவள் இவ்வளவு மும்முரமாக இருந்து அவன் பார்த்ததே இல்லை.

ஏழாவது வேலை நாள் வெள்ளிக்கிழமை வந்தது. நைஜல் வீடு திரும்பியபோது பெவர்லி இன்னும் வரவில்லை. கோட்டைக் கழற்றுவதற்கு முன்னால் கைப்பேசியைத் திறந்தான். ‘இந்தக் கணக்கு மூடப்பட்டது’ என்றது பழைய வங்கி.

“அப்படிப் போடு!” என்று மேஜையைத் தட்டினான். இன்று ராத்திரி கடையிலிருந்து மீன் வறுவலும் சிப்ஸும் வாங்கிவிடலாம், அவளுக்கும் சேர்த்துத்தான் என்று தாராள மனசோடு முடிவு செய்தான்.

அப்போது மீன்பிடி கிளப் பொருளாளர் டிரெவர் கூப்பிட்டான்.

“நைஜல், உன் சந்தா நின்னுபோச்சுப்பா. உன் வீட்டுக்காரம்மா கணக்குலேர்ந்து ரத்து பண்ணியிருக்காங்க.”

சந்தா கிடக்கட்டும், போனஸ்? ரெண்டு பில்லில் ஒன்று போய்விட்டதே! நைஜல் அழைப்பைத் துண்டித்துவிட்டு பெவர்லிக்குத் தட்டினான்: ‘என்ன பண்ணித் தொலைச்ச? ரெண்டு பில் இல்லேன்னா இருநூறும் போச்சு!’

உடனே பதில் வந்தது.

‘கவலைப்படாதே, போனஸ் வந்தாச்சு. நீ சொன்ன மாதிரியே ரெண்டு பில் போட்டுட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவுல நான் வாடகைக்கு எடுத்திருக்கிற ரூமுக்குத் தண்ணி பில் ஒண்ணு, கரண்ட் பில் ஒண்ணு.’