கழற்றிவிட்ட செருப்பு

வெளிநாட்டில் வெல்டர் வேலை பார்த்து மூன்று வருடம் கழித்து வீடு திரும்பியவனுக்கு ஒரே ஒரு கவலை. அவன் போன பிறகு பிறந்த மகள் அவனிடம் வருவாளா?

கதவு திறந்ததுமே குழந்தை "அப்பா!" என்று ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"பார்த்தியா, போன்ல பேசினது வீண்போகல," என்றான் மனைவியிடம்.

"போன்ல உங்களைப் பார்த்தாலே யாரோன்னு அழுவா இவ," என்றாள் அவள் திகைப்பாக.

ஷூவைக் கழற்றியவன், வாசலில் தன் செருப்பைப் பார்த்தான். கிளம்பிய அன்று வாங்கி, போடாமலே விட்டுப்போனது. இப்போது இடது குதிகால் தேய்ந்திருந்தது.

"இதை யாரு போட்டது?"

"யாரும் தொடல. இடது குதிகால் தேயுற உங்க கோணல் நடை வேற யாருக்கு வரும்?" என்று சிரித்தாள்.

அவனும் சிரித்தபடி காலை நுழைத்தான். யாரோ இப்போதுதான் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போனதுபோல, செருப்பு வெதுவெதுப்பாக இருந்தது.