ரோபோ சேர்த்த நாலு நிமிஷம்

“நீ ஆபீஸ் வந்தா மறுநாள் காலையில ஃபைல் மாறியிருக்கு. நீ வரலன்னா மாறல. இதுக்கு என்ன சொல்ற, இங்குன்?”

முதலாளி யோஸ்டைன் குரலை உயர்த்தவே இல்லை. அவர் கத்தினால்கூடப் பரவாயில்லை, இப்படி மெதுவாகப் பேசினால்தான் பயம். வெள்ளிக்கிழமைதோறும் ஆபீஸில் சுடும் வாஃபிள் பணியாரம் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. இங்குன் தட்டைத் தள்ளிவைத்தாள்.

விஷயம் இதுதான். தீவுக்குப் போகும் படகுகளின் நேரத்தை இணையத்தில் காட்டுவது அவர்கள் கம்பெனியின் வேலை. தினமும் காலையில் ஒரு கணினி நிரல் அந்த இணையதளத்தைப் புதிதாக உருவாக்கும். அப்போது எந்த ஃபைல் மாறியிருந்தாலும், யாரையும் கேட்காமல் தானே சேமித்து ஏற்றிவிடும். ஆபீஸில் அதற்குப் பெயர் ரோபோ. அதை எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார். ஒழுங்காக ஓடுகிறதே என்று யாரும் அதன் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

அந்த ரோபோ ஏற்றும் அட்டவணையில்தான் மாலை நாலு இருபது படகு நாலு இருபத்துநாலு ஆகிக்கொண்டிருந்தது. இங்குன் காலையில் உட்கார்ந்து திருத்துவாள். மறுநாள் பார்த்தால் மறுபடியும் இருபத்துநாலு. போன சனிக்கிழமை அதை நம்பி நிதானமாக வந்த ஒரு கல்யாணக் கோஷ்டி, படகின் பின்பக்கத்தைத்தான் பார்த்தது. படகுகளை நடத்தும் மாவட்ட அலுவலகம் கொதித்துப் போயிருந்தது.

“கோடையில நீ லீவுல இருந்தே, ஒரு நாள்கூட மாறல. உனக்குக் காய்ச்சல் வந்தப்பவும் மாறல. நீ தொடலன்னா வேற யாரு?”

“நான் தொட்டதெல்லாம் அதைச் சரிபண்ணத்தான், யோஸ்டைன்.”

சொல்லும்போதே அவளுக்கே சந்தேகம் வந்தது. நமக்கே தெரியாமல் நாமே எதையாவது அழுத்தித் தொலைக்கிறோமோ? திங்கட்கிழமைக்குள் காரணம் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் புரொபேஷன் முடிந்ததும் அவளை வைத்துக்கொள்வது கஷ்டம் என்று சொல்லிவிட்டு யோஸ்டைன் எழுந்துபோனார். வேலை போனால் அடுத்த வேலை தேட இந்தச் சின்ன ஊரில் வேறு கம்பெனி ஏது?

படகே தாமதமாகக் கிளம்புகிறதோ என்று யாருக்கும் தோன்றவில்லை. கேப்டன் ஓட்வார் அப்படிப்பட்ட மனிதர். ஒரு தடவை ஒரு நிமிஷம் லேட்டாக வந்த மேயரையே கரையில் விட்டுவிட்டுப் போனவர். இங்குனும் தினம் அந்தப் படகில்தான் வீட்டுக்குப் போகிறாள். தீவில் பாலர் பள்ளியைப் பூட்டுவதற்குள் மகள் தீராவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அடுத்த படகு ஒரு மணி நேரம் கழித்துத்தான். ஆனாலும் ஒரு நாளும் அவள் படகைத் தவறவிட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அன்று முழுக்க ரோபோவின் உள்ளே புகுந்து வரி வரியாகப் படித்தாள். சாயங்காலம் நெருங்கும்போது பிடிபட்டது. ரோபோ எதையும் இஷ்டத்துக்கு மாற்றவில்லை. படகின் ஏறுபலகையைத் தூக்கும் நேரம், அதாவது படகு கிளம்பும் நேரம், கரையில் உள்ள கருவியிலிருந்து தானாக அதற்கு வந்து சேர்கிறது. முந்தின நாள் எப்போது தூக்கினார்களோ, அதையே அட்டவணையில் எழுதி, ஃபைல் மாறிவிட்டது என்று சேமித்துவிடுகிறது.

அப்படியென்றால் உண்மையிலேயே படகுதான் லேட். ஓட்வார்தான் குற்றவாளி. இங்குனுக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. மனுஷர் சாவகாசமாகக் கிளம்ப, பழி நம் தலையிலா?

அன்றைக்கும் கடைசி ஆளாக மூச்சிரைக்க ஓடிப்போய் ஏறியவள், நேரே மேலே கேப்டன் அறைக்குப் போனாள். ஓட்வார் ஒரு கையில் காபியோடு படகைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“உங்களால என் வேலை போகப் போகுது, ஓட்வார். சனி, ஞாயிறுல எல்லாம் கரெக்டா எடுக்கிறீங்க. வார நாள்ல மட்டும் ஏன் நாலு நிமிஷம் லேட்டு?”

ஓட்வார் அவளைத் திரும்பிப் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் ஒரு வாய் காபி குடித்தார்.

“மீன்கடை முக்குல நீ திரும்பும்போதே மணி நாலு இருபது தாண்டிடுதும்மா,” என்றார். “அக்கரையில உன் பொண்ணு காத்துக்கிட்டு இருக்குமே. நீ ஏறின பிறகுதான் பலகையைத் தூக்கச் சொல்வேன்.”

இங்குன் திரும்பி மீன்கடை முக்கைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து யோஸ்டைனுக்குச் செய்தி அடித்தாள்: “நீங்க சொன்னது சரிதான். அந்த நேரத்தை தினமும் மாத்திக்கிட்டு இருந்தது நான்தான்.”