மூன்றாவது கார்

"இதுலயும் அதே கோட்தான் அங்கிள்," என்றான் ஸ்கேனரில் காரின் கோளாறுக் குறியீட்டைப் பார்த்த மெக்கானிக் ஜீவன். "இடது சீட்ல ஆள் இருக்கு, பெல்ட் போடலன்னு காட்டுது."

"அப்ப இதுவும் வேணாம்லா," என்றார் செபஸ்தியன். பொந்தியான் ஊர் முழுக்கத் தேடி, வாங்குமுன் சோதித்துப் பார்க்க அவர் ஓட்டிவந்த மூன்று பழைய கார்களிலும் இதே கோளாறு.

ஜீவன் தயங்கினான். "நீங்க இறங்கினா கோட் போயிடுது, ஏறினா வருது. கோளாறு கார்ல இல்ல அங்கிள். உங்க சொந்தக் கார் என்னாச்சு?"

"நொறுங்கிப் போச்சு." செபஸ்தியன் காலியான இடது இருக்கையைப் பார்த்தார். "பெல்ட் போட்டா மூச்சு முட்டுதும்பா என் வீட்டுக்காரி ரீத்தா. அன்னிக்கும் போடல."

மெல்லக் கைநீட்டி அந்த பெல்ட்டை இழுத்து மாட்டினார். எச்சரிக்கை விளக்கு அணைந்தது.

பெல்ட் மட்டும் இருக்கையில் படியாமல், ஓர் ஆள் கனத்துக்கு முன்னால் விலகி நின்றது.

"இதையே எடுத்துக்கிறேன்," என்றார்.